‘ஷர்ட் நீட்ஸ் வாஷ்டு’ என்கிறான் மகன்: திருத்துவதா, விடுவதா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், மருத்துவமனை வார்டு ஒன்றில் வேலை பார்க்கும் செவிலியர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நெல்லைப் பக்கத்துக்காரர். கணவர், 10 வயது மகனோடு அங்கே குடியேறி மூன்று வருடம் ஆகிறது. மகன் பிரைமரி 6 படிக்கிறான். போன புதிதில் நம்ம ஊர் கான்வென்ட் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்த பையன் இப்போது ‘மை ஷர்ட் நீட்ஸ் வாஷ்டு’, ‘ஐ ஸீன் இட்’, ‘ஐ டன் இட்’, ‘ஐவ் வென்ட்’, ‘ஆம்ன்ட் ஐ?’ என்றெல்லாம் பேசுகிறானாம். வகுப்பு ஆசிரியையிடம் முறையிட்டதற்கு, ‘இங்கே எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்’ என்று சிரித்துவிட்டார். தப்புக்கு 20 பென்ஸ் அபராதம் என்று வீட்டில் ஓர் உண்டியல் வைத்தார். பையன் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வதையே நிறுத்திக்கொண்டான். தனியார் பள்ளிக்கு மாற்றலாமா, சென்னையிலிருந்து ஆன்லைனில் ‘சுத்தமான பிரிட்டிஷ் இங்கிலீஷ்’ டியூஷன் வைக்கலாமா என்பது முதல் கேள்வி.

இரண்டாவது அவரைப் பற்றியது. அவர் எழுதும் நோயாளிக் குறிப்புகள் தெளிவாக இல்லை என்று வார்டின் மூத்த செவிலியர் இரண்டு முறை தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இன்னொரு சக ஊழியர், இவர் பேசுவதை இவர் முன்னாலேயே பழித்துப் பேசிக் காட்டுகிறார். “ஐ ஸீன் என்று பேசுகிறவர்கள் எனக்கு இலக்கணம் சொல்லித் தருகிறார்கள். பள்ளியில் இங்கிலீஷில் நான்தான் எப்போதும் முதல் மார்க். புகார் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உண்டியலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றி நான்கு பக்கம், வார்டுக் குறிப்பைப் பற்றி ஆறே வரி. எது அவசரம் என்று என்னைக் கேட்டால் அந்த ஆறு வரிதான். ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

மகன் பேசுவது எல்லாம் ஒரே ரகமல்ல

ஐந்து வாக்கியங்களை ஒரே மூட்டையாகக் கட்டி ‘தப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டு தனித்தனி ரகம்.

‘நீட்ஸ் வாஷ்டு’ முதல் ரகம். நாம் படித்த இலக்கணப்படி ‘நீட்ஸ் டு பி வாஷ்டு’ என்றோ ‘நீட்ஸ் வாஷிங்’ என்றோ வர வேண்டும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நீட், வான்ட் போன்ற சில வினைகளுக்குப் பின்னால் நடுவிலுள்ள ‘டு பி’யை விட்டுவிடுவார்கள். ‘தி கேட் வான்ட்ஸ் ஃபெட்’ என்றால் பூனைக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். எல்லா வினையோடும் இப்படிச் சேர்த்துவிட முடியாது. எதோடு சேரும், எதோடு சேராது என்பதில் அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதாவது இது விதியில்லாத பேச்சு அல்ல, வேறொரு விதி. 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வடக்கிலுள்ள அல்ஸ்டர் பகுதியிலிருந்து கப்பலேறியவர்கள் இதை அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் பக்கம் இன்றும் ‘தி கார் நீட்ஸ் வாஷ்டு’தான்.

‘ஆம்ன்ட் ஐ?’யும் அதே ரகம். இதில் நீங்கள் கோபப்பட இன்னும் குறைவாகவே காரணம் இருக்கிறது. ‘ஐ ஆம்’ என்பதன் எதிர்மறைக் கேள்வி ‘ஆம்ன்ட் ஐ’ என்று வருவதுதான் முறை. இங்கிலாந்துக்காரர்கள் சொல்லும் ‘ஆரன்ட் ஐ?’தான் உண்மையில் விசித்திரம். ‘ஐ ஆர்’ என்று யாராவது சொல்கிறார்களா?

ஜன்னலைத் திறக்கட்டுமா என்பதற்கு ‘ஷல் ஐ’ என்னாமல் ‘வில் ஐ ஓப்பன் தி விண்டோ?’ என்பதும், வீடு எங்கே என்பதற்கு ‘வேர் டு யூ ஸ்டே?’ என்று கேட்பதும் இந்தக் கூட்டம்தான். உங்கள் வார்டு டாக்டர், மகனின் தலைமை ஆசிரியர், பாங்க் மேனேஜர் எல்லோரும் இப்படிப் பேசுவார்கள். லண்டனில் இது வேறு மாதிரி என்பது அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. ஏ. ஜே. எய்ட்கன் என்ற ஸ்காட்டிஷ் மொழியியலாளர், பேசுகிறவர் அறியாமலே வருகிற இத்தகைய வழக்கை, வேண்டுமென்றே எடுத்துப் போடும் ஸ்காட்ஸ் (ஆங்கிலத்துக்கு உறவான, ஸ்காட்லாந்தின் சொந்த மொழி) சொற்களிலிருந்து பிரித்துக் காட்டினார். ஆசிரியை சிரித்தது உங்களை மட்டம் தட்ட அல்ல. இதில் திருத்த என்ன இருக்கிறதென்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

‘ஐ ஸீன்’, ‘ஐ டன்’, ‘ஐவ் வென்ட்’ மூன்றும் அடுத்த ரகம். இங்கே உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இவை ஸ்காட்லாந்துக்குள்ளேயே மதிப்புக் குறைந்தவை. பரீட்சைத் தாளில் மார்க் போகும், வேலை நேர்காணலில் ஆளை எடைபோட்டுவிடுவார்கள். ஆனால் சோம்பேறித்தனம் என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. தரப்படுத்திய ஆங்கிலத்திலேயே வாக்ட், பாட், ஃபவுண்ட் என்று நூற்றுக்கணக்கான வினைகளுக்கு இறந்தகாலமும் ‘ஹேவ்’ சேரும் வடிவமும் ஒன்றுதான். கிளாஸ்கோ பேச்சு அதையே ஸீ, டூ, கோ மீதும் நீட்டிவிடுகிறது, அவ்வளவே. பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லோத், 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில், இறந்தகால வடிவையே ‘ஹேவ்’ பின்னாலும் போடும் பழக்கத்தைக் கண்டித்தார். கண்டிக்க அவர் எடுத்துக்காட்டிய வரிகளில் மகாகவி மில்டனுடையவையும் உண்டு. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த விதிகளில் பல அந்தக் காலத்தில்தான் இறுகின.

‘சுத்தமான பிரிட்டிஷ் இங்கிலீஷ்’ என்று ஒன்று தனியாக ஓரிடத்தில் இருப்பதாக நினைத்துத் தேடாதீர்கள். எழுத்துக்கும் பரீட்சைக்கும் பொதுவாக ஒத்துக்கொண்ட ஒரு வடிவம் இருக்கிறது. அதைப் பையன் கற்றே ஆக வேண்டும். அதற்காக மற்றதை அழிக்க வேண்டியதில்லை. வீட்டில் ‘என்னல செய்யுத’ என்று பேசி வளர்ந்த நீங்கள் தமிழ்ப் பரீட்சைத் தாளில் அப்படியா எழுதினீர்கள்?

இந்த இடம் மாறிப் பேசும் திறமை பிள்ளைகளுக்கு மிகச் சின்ன வயதிலேயே வருகிறது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் பக்கி என்ற மீன்பிடி ஊரில் தாய்மாரையும் மூன்று வயதையொட்டிய குழந்தைகளையும் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். தாய்மார் கண்டிக்கும்போதும் சொல்லிக்கொடுக்கும்போதும் ‘ஹவுஸ்’ என்கிற பக்கம் சாய்ந்தார்கள். விளையாடும்போது அதே சொல்லின் ஊர் உச்சரிப்பான ‘ஹூஸ்’ அதிகம் வந்தது. குழந்தைகளும் அப்படியே மாற்றின. ஆனால் ‘மை ட்ரௌசர்ஸ் இஸ்’ என்று பன்மைக்கு ஒருமை வினை போடும் வழக்கில் அந்த மாற்றம் தெரியவில்லை. அது தாய்மாருக்கே கவனத்தில் ஏறாத வழக்கு. உங்களுக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. பிள்ளைக்கு எது கண்ணில் படுகிறதோ அதைத்தான் அவனால் மாற்ற முடியும். கண்ணில் படவைப்பது உங்கள் வேலை, அபராதம் போடுவதல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்

பேச்சின் நடுவே திருத்தாதீர்கள். ‘ஐ ஸீன் எ ஃபாக்ஸ்’ என்று ஓடி வருகிறவனிடம் ‘ஐ ஸா’ என்று சொன்னால், நரியும் போய்விடும், பேச்சும் போய்விடும். அடுத்த முறை ‘ஒண்ணுமில்ல’ என்பான். இப்போது நடப்பது அதுதான்.

திருத்தத்தை எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவன் எழுதியதில் வாரத்துக்கு இரண்டு வினை போதும். முதலில் ஸீ, டூ. பிறகு கோ, கம். பிறகு டேக், ரைட், பிரேக், ரிங். ஒரே ஒரு சோதனை சொல்லிக்கொடுங்கள்: முன்னால் ஹேவ், ஹேஸ், ஹேட் இருக்கிறதா? இருந்தால் ஸீன், டன், கான். இல்லையென்றால் ஸா, டிட், வென்ட். ‘ஐவ்’ என்பதற்குள்ளும் ஒரு ஹேவ் ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்குவது அங்கேதான். ‘நீட்ஸ் வாஷ்டு’வைத் தொடவே வேண்டாம். ‘எடின்பரோவுக்கு அப்பால் படிப்பவர்களுக்கு எழுதும்போது டு பி சேர்த்துக்கொள்’ என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

கதைப் புத்தகம் வாசிக்கும்போது, பாத்திரம் பேசுவது ஒரு மாதிரி, கதை சொல்கிறவர் எழுதுவது ஒரு மாதிரி என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். அவன் எழுதும் கதையில் பாத்திரங்கள் ‘ஐ ஸீன்’ என்று தாராளமாகப் பேசட்டும்.

அந்த நாட்டில் சட்டத்தின் கண்ணில் ஸ்காட்ஸ் வெறும் கொச்சை அல்ல. ஐரோப்பிய சிறுபான்மை மொழிகள் சாசனத்தை பிரிட்டன் 2001இல் ஏற்றபோது ஸ்காட்ஸும் அதில் இடம்பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று பதிந்தார்கள். 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அங்குள்ள இன்னொரு பழைய மொழியான கேலிக் மொழியுடன் ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வ அந்தஸ்து தரும் சட்டத்தை நிறைவேற்றியது. நாளைக்கு மகன் ஸ்காட்லாந்துப் பள்ளிகளின் நேஷனல் 5 ஆங்கிலப் பரீட்சை எழுதும்போது ஸ்காட்டிஷ் படைப்பு ஒன்றைப் படித்தே ஆக வேண்டும். இன்று தெருவில் பொறுக்கிய சொற்கள் அன்றைக்கு உதவும்.

பள்ளி மாற்றம் வேண்டாம் என்பதே என் கருத்து. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2025 ஜனவரி முதல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி (வாட்) வேறு. அங்கேயும் மைதானத்தில் கிளாஸ்கோ பிள்ளைகள்தான் விளையாடுவார்கள். சென்னை டியூஷன், கதை வாசிக்கவும் கட்டுரை எழுதவும் என்றால் சரி. பேச்சைக் ‘கழுவ’ என்றால் வேண்டாம். அவன் மறுபடி ஊர் மாறி நிற்பதுபோல ஆகிவிடும். ஒன்றை மட்டும் ஆசிரியையிடம் கேட்டுவிடுங்கள்: எழுத்தில் வயதுக்கேற்ற நிலையில் இருக்கிறானா? இல்லை என்று சொன்னால், அது ஊர்ப்பேச்சு விவகாரமல்ல, வேறு. அப்போது பள்ளி மூலமாகவே உதவி கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் குறிப்பு

நீங்கள் கடிதத்தில் உதாரணமாக எழுதிய மூன்று வரி இது: ‘பேஷன்ட் இஸ் ஹேவிங் பெயின் சின்ஸ் டூ டேஸ். ஐ ஹேட் கிவன் பாராசிட்டமால். டாக்டர் வுட் ரிவ்யூ.’ இதில் என்ன தெளிவில்லை என்று கேட்கிறீர்கள். தென்காசியில் ஒரு டாக்டர் படித்தால் ஒன்றுமே இடறாது. கிளாஸ்கோவில் மூன்று வரியும் இடறும், மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்.

முதல் வரி, ‘ரெண்டு நாளா வலிக்குது’ என்ற தமிழ் வாக்கியத்தின் காலத்தை ஆங்கிலத்தில் போட்டது. அவர்கள் ‘ஹேஸ் ஹேட் பெயின் ஃபார் டூ டேஸ்’ என்பார்கள். புரியாமல் போகாது, காதுக்கு அந்நியமாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு வேடிக்கை: ‘ஆர் யூ வான்டிங் டீ?’, ‘ஐம் நீடிங் எ ஹேண்ட்’ என்று உங்கள் சக ஊழியர்களே வான்ட், நீட் போன்ற வினைகளுக்கு ‘-இங்’ போடுவதை வார்டில் தினமும் கேட்பீர்கள். நம்முடைய ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ஸுக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன். அவர்கள் சொன்னால் ஊர் வழக்கு, நாம் சொன்னால் பிழை. நியாயமில்லைதான், ஆனால் அந்த மண்ணில் நிலைமை அது.

இரண்டாவது வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. இந்திய ஆங்கிலத்தில் ‘ஹேட் கிவன்’ என்பதை ‘கொடுத்தேன்’ என்ற சாதாரண இறந்தகாலமாகவே எழுதிவிடுகிறோம். அவர்களுக்கு ‘ஹேட் கிவன்’ என்றால் இன்னொரு சம்பவத்துக்கு முன்பே கொடுத்தாயிற்று என்று அர்த்தம். எதற்கு முன்? வலி வருவதற்கு முன்பா, டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்பா, போன ஷிஃப்டிலா? பெரியவர்களுக்கு 1 கிராம் பாராசிட்டமால் கொடுத்தால் அடுத்த டோஸுக்குக் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறிப்பைப் படிப்பவர் நேரத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டால் அடுத்த மாத்திரை சீக்கிரமே போய்விடும், அல்லது வலியோடு காத்திருக்க நேரும். மருந்துச் சார்ட்டில் நேரம் இருக்கிறதே என்பீர்கள். குறிப்பும் சார்ட்டும் இரண்டு கதை சொன்னால் விசாரணையில் இரண்டையும் எடுத்து வைப்பார்கள்.

மூன்றாவதில் ‘வுட்’. நமக்கு அது மரியாதையான ‘வில்’. அவர்களுக்கு அது நிபந்தனை: ‘பார்ப்பார், ஆனால்...’ என்று தொடர்ச்சியை எதிர்பார்ப்பார்கள். டாக்டர் வரப்போகிறாரா, வந்திருப்பார் ஆனால் வரவில்லையா என்று புரியாது.

அதே மூன்று வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அப்டாமினல் பெயின் ஃபார் டூ டேஸ். பாராசிட்டமால் 1 கிராம் ஓரலி கிவன் அட் 14:10. டாக்டர் இன்ஃபார்ம்டு 14:15, வில் ரிவ்யூ அட் 16:00.’ வலி எங்கே, எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு. ‘ஹேட்’டும் இல்லை, ‘வுட்’டும் இல்லை. பிரிட்டனின் செவிலியர் மன்றம், என்.எம்.சி., தன் நடத்தை விதிகளில் பதிவுகள் தெளிவாகவும், தேதி, நேரத்துடனும், தேவையற்ற சுருக்கெழுத்தும் யூகமும் இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 7 வாங்கியாயிற்று என்பது இதற்கு விலக்கல்ல. அந்தப் பரீட்சையில் யாரும் உங்களை வார்டுக் குறிப்பு எழுதச் சொல்லவில்லை.

வாய்ப்பேச்சிலும் சில உண்டு. ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2010’ என்றால் அந்த வருடம் மயங்கி விழுந்தீர்கள் என்று நினைப்பார்கள். ‘குவாலிஃபைட்’ என்று சொல்லுங்கள். ‘பேஷன்ட் எக்ஸ்பயர்டு’ வேண்டாம், ‘டைடு’ (இறந்தார்) போதும். அங்கே அது மரியாதைக் குறைவல்ல.

‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பது எல்லாவற்றிலும் மோசம். நமக்கு அது ‘ஒரு விஷயம் கேட்கணும்’. கேட்கிற டாக்டருக்கு ‘நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை’ என்று விழும். ‘கேன் ஐ செக் சம்திங்?’ என்று பழகிக்கொள்ளுங்கள்.

அவர்கள் சொல்வது உங்கள் காதில் எப்படி விழுகிறது

ஆபத்து ஒரு பக்கம் மட்டுமில்லை. வயதான கிளாஸ்கோ நோயாளி ‘ஐ டவுட் ஐம் கோனா பி சிக்’ என்றால், நம் பாடப்புத்தகப்படி ‘உடம்புக்கு வராது என்று நினைக்கிறேன்’ என்றுதான் எடுப்போம். அவர் சொல்வது நேர் எதிர்: ‘வாந்தி வரும்போலிருக்கிறது’. ஸ்காட்ஸில் டவுட் என்பது ‘அப்படித்தான் ஆகும்போல’ என்ற அச்சம். பிரிட்டன் முழுக்கவே ‘பி சிக்’ என்றால் வாந்தி. பாத்திரத்தை எடுங்கள்.

‘ஷீ மஸ்ன்ட் பி இன் பெயின்’ என்று ஒரு சக ஊழியர் சொன்னால் அது உத்தரவல்ல. வலி இல்லைபோலும் என்ற ஊகம். ‘ஹவ்?’ என்று மட்டும் கேட்டால் ‘எப்படி’ அல்ல, ‘ஏன்’. குழந்தை ‘கிரீட்டிங்’ என்றால் அழுகிறது. காயம் ‘நிப்பிங்’ என்றால் எரிகிறது. ‘ஆக்ஸ்டர்’ அக்குள். ‘பீலி வாலி’ வெளிறிப்போன முகம். இவற்றையெல்லாம் யாரிடம் கேட்கலாம் என்றால், பத்து வயதில் ஒருவன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். அவனிடம் தினம் ஒரு சொல் கேளுங்கள். 20 பென்ஸ் நீங்கள் கொடுங்கள்.

எது புரியவில்லையோ அதைத் தலையாட்டி விட்டுவிடாதீர்கள். ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது எஸ்.பி.ஏ.ஆர். முறையில் நிலைமை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை என்ற வரிசையில் பேசி, முடிவில் கேட்டதைத் திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பதால் யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள்.

புகார்

இருவரை ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். பழித்துக் காட்டுகிறவர் விஷயம் தனி. சமத்துவச் சட்டம் 2010, இனம் என்பதில் தேசியத்தையும் பூர்வீகத்தையும் சேர்த்திருக்கிறது. அதோடு தொடர்புடைய, ஒருவரை அவமானப்படுத்தும் நடத்தை தொல்லையாகலாம். ‘சும்மா தமாஷ்’ என்பது தானாகவே தப்பிக்கும் வழியல்ல, ஏனென்றால் நோக்கத்தோடு விளைவையும் சட்டம் பார்க்கிறது. தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், பக்கத்தில் இருந்தவர் யார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். முதலில் வார்டு மேலாளரிடம் வாய்மொழியாகப் பேசிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் உங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியோடு முறைப்படி எழுத்தில் கொடுங்கள். தீர்ப்பாயம் வரை போவதென்றால் காலக்கெடு மாதக் கணக்கில்தான், சம்பவ நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். ஆகவே சங்கத்திடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூத்த செவிலியர் மேல் புகார் கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லாமல் தனியே கூப்பிட்டிருக்கிறார், இரண்டு முறையும் குறிப்பைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார். அவர் ‘ஐ ஸீன்’ என்று பேசுவார், சார்ட்டில் ‘ஸா’ என்றுதான் எழுதுவார். அடுத்த வாரம் நீங்கள் எழுதிய ஐந்து குறிப்புகளை வார்டிலேயே அவரிடம் காட்டி, எந்த வரியில் தடுக்கினார் என்று பென்சிலால் கோடு போட்டுத் தரும்படி கேளுங்கள்; அவை நோயாளிப் பதிவுகள் என்பதால் வெளியே எடுத்துப் போகாமல், பெயரில்லாத வெள்ளைத்தாளில் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள்.